வேலூர்ப் பூங்கா மரங்கள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

வேலூரைப் பற்றி ஊரில் ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில். கோயில் விஷயம் 1981-ல் ஜலகண்டேஸ்வரரை மறுபடி பிரதிஷ்டை செய்ததோடு தீர்ந்தது. பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது, ஆனால் வருஷத்தின் பெரும்பாலான நாட்களில் மணல்தான். மலைகள் இன்னும் மொட்டைப் பாறையாகவே நிற்கின்றன. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி ஊர் மேல் விடுகின்றன. கத்திரி வெயிலில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ சாயங்காலம் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே நிழல் அத்தியாவசியம்.

அந்த நிழலுக்காகத்தான் குடியிருப்போர் சங்கங்கள் லேஅவுட்டில் விட்ட பொது இடத்திலும், பள்ளிகள் மைதான ஓரத்திலும், கடைக்காரர்கள் நடைபாதையிலும் கன்று நடுகிறார்கள். ரெண்டு வருஷம் கழித்து இலை கருகுது, மரம் சாயுது, கல் பெயருது என்று புகார் வருகிறது. உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். நான் பார்த்தவரை இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி அந்த மரத்தின் நோயாக இருப்பதில்லை. அந்த இடத்தின் தண்ணீர், மண், இட வசதி மூன்றையும் கேட்காமல் மரத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் பின்னால் அறிகுறியாக வெளியே வருகிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே, இருக்கும் மரத்தைக் காப்பாற்றும் வழியையும், மாற்றி நட வேண்டி வந்தால் எதை நடலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று சோதனை

முதலாவது தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கத்துக்கு ஒன்று போதும். செடிக்கு ஊற்றும் அதே போர் தண்ணீரை அளந்து பாருங்கள். பாசனத்துக்கு உலக உணவு வேளாண் அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல் இது: லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே கரைந்த உப்பு இருந்தால் கவலையில்லை. 450 முதல் 2000 வரை கவனம் வேண்டும். 2000-க்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் மரங்களைத் தவிர வேறெதையும் நினைக்கக் கூடாது. கோடைக் கடைசியிலும் மழைக்குப் பிறகும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் ஒரே போரில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் வரும்.

இரண்டாவது சுக்கான், அதாவது மண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கல். ஒரு முழ ஆழத்து மண்ணைக் கையளவு எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு மண். வெள்ளைக் கட்டிகள் கண்ணுக்கே தெரிந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம்.

மூன்றாவது வடிகால். இரண்டடிக் குழி தோண்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் போய்ப் பார்க்கும்போதும் தண்ணீர் நின்றால், அடியில் பாறையோ இறுகிய சுக்கான் படுகையோ களியோ இருக்கிறது.

இந்த மூன்றும் தெரிந்த பிறகு இலையைப் பாருங்கள். மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

இலை ஓரம் கருகி உள்பக்கமாக ஏறுகிறது

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் நான் அதிகம் பார்க்கும் அறிகுறி இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். "தண்ணி பத்தல" என்று இன்னும் நாலு குடம் அதே போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நோய் முற்றுகிறது.

பிரித்துப் பார்ப்பது எளிது. தண்ணீர் பத்தாத செடியில் இளந்தளிர் முதலில் தொங்கும், முழு இலையும் துவளும். உப்பு அடித்த செடியில் பழைய இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் காய்ந்து பழுப்பாகும். காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும். பாத்தியில் மண் மேல் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும். மரத்தின் மேற்குப் பக்கம் மட்டும் கருகியிருந்தால் அது உப்பு இல்லை, எதிரே உள்ள கான்கிரீட் சுவரோ தகரமோ திருப்பி அடிக்கும் வெயில்.

இந்த உப்பில் பாறையும் குறைந்த மழையும் தரும் பங்கு உண்டு. ஆனால் பாலாற்று ஓரத்தில் தோல் பதனிடும் தொழிலின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. பச்சைத் தோல் கெடாமலிருக்கச் சமையல் உப்பைத்தான் தடவி வைப்பார்கள். அந்த உப்பு கழுவும் தண்ணீரில் கரைந்து போகும். கழிவுநீரில் குரோமியத்தைப் பிரித்தெடுக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு கரைந்த உப்பை எடுக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுக்கே நிலைநிறுத்திய தீர்ப்பு அது. ஆனால் நிலத்தடி நீரில் ஏற்கெனவே இறங்கிய உப்பு அங்கேயே கிடக்கிறது. அதில்தான் நாம் பூங்கா வளர்க்கிறோம் என்பதை ஒப்புக்கொண்டு மரம் தேட வேண்டும்.

இருக்கும் மரத்துக்கு: தினம் கொஞ்சம் ஊற்றும் பழக்கத்தை நிறுத்துங்கள். கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் மேலேயே ஆவியாகி உப்பை வேரருகில் விட்டுவிடும். வாரம் ஒன்றிரண்டு தடவை ஆழமாக ஊறும்படி விட்டால் உப்பு கீழே இறங்கும். மூடாக்கு போடுங்கள், காய்ந்த இலை, கரும்புச் சக்கை, தேங்காய் மட்டை எதுவானாலும் மூணு விரற்கடை கனத்துக்கு, தண்டைத் தொடாமல். ஆவணி முதல் கார்த்திகை வரை பாத்தியை அகலமாக வைத்து மழைத்தண்ணீர் நிற்க விடுங்கள், அதைவிட நல்ல மருந்து கிடையாது. உப்புத் தண்ணீரை ஸ்பிரிங்ளரில் இலை மேல் தெளிக்கவே கூடாது. ஆர்ஓ எந்திரத்திலிருந்து கழிவாக வெளியேறும் தண்ணீரைச் "வீணாகப் போகுதே" என்று செடிக்கு விடுபவர்கள் நிறைய. அது போர் தண்ணீரைவிட அடர்ந்த உப்பு. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றி நடுவதானால்: பூவரசு, புங்கம், புன்னை, வேம்பு, இலந்தை நல்லவை. உப்போடு தண்ணீரும் தேங்குகிற இடமென்றால் நீர்மருது, நாவல். மிக மோசமான இடத்துக்கு உகாய். புதர்களில் அரளியும் காகிதப்பூவும் தாங்கும். செண்பகம், ரோஜா, இட்லிப்பூ, குரோட்டன்ஸ் ஆகியவற்றை இந்த இடங்களில் நட்டு மனம் நோக வேண்டாம். அழகுக்காக அவற்றைத்தான் எல்லாப் பூங்கா வரைபடத்திலும் வரைகிறார்கள், அதனால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

இளம் இலையில் இது தெரிந்தால் இரும்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். செம்மண்ணின் சிவப்பே அதுதான். சுண்ணாம்பு மண்ணிலும் காரத் தண்ணீரிலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. இட்லிப்பூவிலும் செம்பருத்தியிலும் இது முதலில் தெரியும்.

அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோடு சிட்ரிக் அமிலம் 1 கிராம் கலந்து சாயங்காலத்தில் இலை நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. புதுத் தளிர் பச்சையாக வந்தால் காரணம் சரி. சிமெண்ட் நடைபாதை, சுவர் ஓரத்தில் உள்ள செடிக்கு இது திரும்பத் திரும்ப வரும். கட்டட வேலையின் சுண்ணாம்புக் கலவை அந்த மண்ணிலேயே புதைந்து கிடப்பதுதான் காரணம். அங்கே வருஷா வருஷம் மருந்தடிப்பதற்குப் பதில் நந்தியாவட்டை, நொச்சி, ஆடாதொடை, மருதாணி என்று மாறிவிடுவது நல்லது.

கவனம்: மஞ்சள் பழைய இலையில், முழு இலையிலும் சமமாக வந்தால் அது தழைச்சத்துக் குறைவு. அன்னபேதி அதற்கு உதவாது, தொழு உரம் போடுங்கள்.

முதல் வருஷம் செழிப்பு, இரண்டாம் கோடையில் சாவு

இதற்கு இலையைப் பார்த்துப் பயனில்லை. செத்த கன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். அசங்காமல் கையோடு வந்துவிட்டால், வேர் பாலிதீன் பையின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். நர்சரியில் நாள்பட்டுப் பையில் இருந்த கன்று அது. "சார், எட்டடி செடி, நட்டா உடனே நிழல்" என்று கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். அதைவிட மூன்று நான்கடிக் கன்று, தண்டு கட்டை விரல் கனம், பையின் அடியில் வேர் வெளியே துருத்தாதது, நம்பி வாங்கலாம். வாங்கிய பையில் வேர் சுற்றியிருந்தால் நடும்போது கத்தியால் மண்கட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடத்தில் கீறிவிடுங்கள். பலர் பயப்படுவார்கள். கீறாமல் விட்ட வேர் அந்தச் சுற்றிலேயே பெருத்துத் தன் தண்டையே நெரிக்கும்.

வேர் நன்றாக இருந்தும் செத்திருந்தால் குழியைப் பாருங்கள். நம் பக்கத்து நிலத்தில் ஒரு முழம் செம்மண்ணுக்குக் கீழே பாறையோ சுக்கானோ வருவது வெகு சாதாரணம். கடப்பாறையால் குடைந்த ஒன்றரையடிக் குழி கன்றுக்கு ஒரு கல்தொட்டி. முதல் வருஷம் அதிலுள்ள எருவைத் தின்று வளரும். வேர் சுவரை முட்டியதும் நின்றுபோகும். அந்த மாதிரி நிலத்தில் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் என்பதில் சமரசம் வேண்டாம். ஜேசிபி வைத்தாவது அடியை உடையுங்கள். முழுக்க எருவைப் போட்டு நிரப்பாதீர்கள், அது மக்கி அமுங்கும்போது கன்றும் சேர்ந்து புதையும். மேல்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு போதும். உடைக்க முடியாத பாறை என்றால் அந்த இடத்தில் மரமே வேண்டாம், ஆவாரையும் நொச்சியும் வையுங்கள்.

மூன்றாவது காரணம் ஆழ நடுவது. தண்டு வேராக விரியும் இடம் தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். "காத்துக்குச் சாயாம இருக்கட்டும்" என்று தண்டு மேல் ஒரு முழம் மண் அணைத்தால் பட்டை அழுகும், கரையான் ஏறும். காற்றுக்கு இரண்டு பக்கமும் குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு வருஷத்தில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும். மறந்துபோன கயிறும், சின்னதாகிவிட்ட இரும்புக் கூண்டும் தண்டுக்குள் புதைந்திருப்பதை எந்தத் தெருவிலும் காணலாம்.

தண்ணீர்: தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே திரியும். வாரம் இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு குடம் என்று முதல் இரண்டு கோடைக்கும் கொடுங்கள். டேங்கர் வாங்கும் சங்கங்களுக்கு இதில் செலவும் குறையும்.

வேப்ப மரம் தீ வைத்த மாதிரி நுனி கருகி நிற்கிறது

மழைக்காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் இப்படி ஆகிறது. பெரிய மரத்தின் எல்லாக் கிளை நுனியும் பழுப்பாகக் காய்ந்து தொங்கும். பார்த்தவர்கள் மனம் உடைந்து போவார்கள். நம் ஊரில் வேம்பு அம்மன் இருக்கும் மரம். செத்துவிட்டது என்று வெட்டியவர்களும் உண்டு.

வெட்டாதீர்கள். தேயிலைக் கொசு எனப்படும் ஒரு நாவாய்ப் பூச்சி இளந்தளிரின் சாற்றை உறிஞ்சுகிறது. பிறகு, அல்லது அதோடு சேர்ந்து, நுனிக்கருகல் பூஞ்சை தாக்குகிறது. ஈரமும் மேகமூட்டமும் இரண்டுக்கும் பிடிக்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் வளர்ந்த மரம் தானே புதுத் தளிர் விட்டு மீண்டுவிடும். முப்பதடி மரத்துக்கு மருந்தடிக்கக் கிளம்புவது வீண். தெருவில் குழந்தைகள் மேல் மருந்து விழுவதுதான் மிச்சம். சின்ன மரங்களில் மட்டும் காய்ந்த நுனியைப் பச்சைப் பகுதி ஒரு சாண் சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள். கன்றுகளுக்கு கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கலந்து தெளிக்கலாம்.

இது ஒன்று கற்றுத் தருகிறது. ஒரு தெரு முழுக்க வேம்பு மட்டுமே என்றால் அந்த வருஷம் தெரு முழுக்கக் கருகும். ஃபிராங்க் சாண்டமூர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-ல் ஒரு எளிய கணக்கு சொன்னார்: ஊரில் ஒரே இன மரம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20, ஒரே குடும்பம் 30. நம் சின்னப் பூங்காவில் இதை அப்படியே பிடிக்க முடியாது. ஆனால் நாற்பது குழிக்கு நாற்பது புங்கங்கன்று இலவசமாகக் கிடைத்தது என்று எல்லாவற்றையும் நடும் முன் இதை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். வேம்பு, புங்கம், இலுப்பை, மகிழம், வாகை, சரக்கொன்றை, பூமருது, நாவல் என்று கலந்தால் எந்த ஒரு பூச்சியும் பூங்காவைக் காலி செய்ய முடியாது.

புங்க இலையில் விரல் விரலாகக் கொப்புளம்

கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் செய்வது. பார்க்க அசிங்கம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. விட்டுவிடுங்கள்.

இலை எல்லாம் கொட்டிப்போச்சு

மாசி பங்குனி என்றால் பொறுங்கள். புங்கம், அரசு, இலுப்பை, வாகை எல்லாம் இலை மாற்றும் காலம். சந்தேகம் இருந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. மழைக்காலத்தில், மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை மஞ்சளாகிக் கொட்டினால் அது வேறு விஷயம்: வேர் மூச்சு முட்டுகிறது. ஏரி மண் அடித்து மேடாக்கிய மனைகளில் இது நடக்கும். தண்ணீரை வெட்டிவிட்டு வடியுங்கள். அங்கே நீர்மருது, நாவல், கடம்பு.

மரம் சாய்கிறது, கிளை முறிகிறது

ஆடிக் காற்றிலும் கோடை இடிமழையிலும் விழுபவை எவை என்று எங்கள் தெருக்காரர்களுக்கு மனப்பாடம்: மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி, மரமல்லி. சென்னையில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது விழுந்து கிடந்தவற்றிலும் முதல் மூன்றும் ஏராளம். வேகமாக வளர்வதாலும் பூவின் அழகாலும் இவற்றைச் சாலையோரம் நட்டார்கள். வேகமாக வளர்ந்த மரத்தின் கட்டை லேசானது. வேர் மேலாகப் படர்வது. அதிலும் ஒரு பக்கம் சாக்கடைக்கும் இன்னொரு பக்கம் கேபிளுக்கும் தோண்டி வேரை அறுத்த பிறகு எந்த மரம்தான் நிற்கும்?

அதனால் சாயும் மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடிமண். சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்துத் தூக்கியிருந்தால் வேர் பெயர்கிறது. உடனே ஆட்களை விலக்கி மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். தண்டின் அடியில் காளான் முளைத்திருந்தாலும், தட்டினால் கூடாக ஒலித்தாலும் அதே அவசரம். மண் அசையாமல், தொடக்கத்திலிருந்தே வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரமென்றால் பயமில்லை, கனமான பக்கத்துக் கிளைகளை அளவாகக் குறைத்தால் போதும்.

மொட்டை அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். பாதுகாப்பு என்று உச்சியை வெட்டினால் வெட்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகக் கிளைக்கும். அவை பட்டையோடு ஒட்டிக்கொண்டிருப்பவை, தண்டின் உள்ளே ஊன்றியவை இல்லை. நாலாம் வருஷம் அவைதான் முதலில் முறியும். பொது இடத்து மரத்தை வெட்டுவதானால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், சங்கமே தீர்மானம் போட்டு வெட்ட முடியாது.

மயில்கொன்றையை வெறுக்க வேண்டாம். கோடையில் அது பூக்கும் அழகுக்கு ஈடில்லை. கட்டடமும் வண்டியும் பெஞ்சும் இல்லாத பூங்கா நடுவில் நடுங்கள். சாலையோரத்துக்குப் புங்கம், மகிழம், வேம்பு. இடம் தாராளமாக இருந்தால் இலுப்பை. மெதுவாக வளரும், பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும். நெடுஞ்சாலை அகலமாக்கியபோது போன புளியமரங்களை நினைத்து இங்கே பலருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. அவற்றுக்கு ஈடான நிழலை வேகமாக வளரும் மரம் எதுவும் தராது.

நடைபாதை தூக்குகிறது, குழாய் அடைக்கிறது

மரத்தைச் சுற்றித் தண்டு வரை சிமெண்ட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். காற்றும் தண்ணீரும் தேடி வேர் சிமெண்டுக்கு அடியிலேயே மேலாக ஓடும், அதுதான் கல்லைத் தூக்குவது. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே சொன்னது. நம் தெருவில் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு மீட்டர் திறந்துவிட்டுச் சல்லி பரப்பினால் மரமும் பிழைக்கும், மழைத்தண்ணீரும் இறங்கும்.

குழாய் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நன்றாக மூடிய குழாயை வேர் உடைத்து நுழைவது அரிது. ஏற்கெனவே கசியும் இணைப்பைத் தேடித்தான் போகும். முதலில் இணைப்பைச் சரி செய்யுங்கள். வேரில் ஆசிட் ஊற்றுவது மரத்தைக் கொல்லும், கசிவை நிறுத்தாது.

ஆல், அரசு, அத்தி வகைகள் குளக்கரைக்கும் கோயில் மைதானத்துக்கும் உரியவை. பறவை எச்சத்தில் விழுந்து சுவரில் முளைத்த கன்றைச் சின்னதிலேயே எடுத்து வேறிடத்தில் நட்டுவிடுங்கள். கட்டடத்திலிருந்து பெரிய மரத்துக்கு இருபத்தைந்து அடி, நடுத்தர மரத்துக்குப் பதினைந்து அடி விடுவது என் வழக்கம்.

கோனோகார்பஸ் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் புது லேஅவுட்டுகளில் எல்லை வேலியாக இதைத்தான் வரிசையாக வைக்கிறார்கள். உப்பும் வறட்சியும் தாங்கும், வருஷம் முழுக்கப் பச்சை. எல்லாம் உண்மை. ஆனால் தண்ணீர் இருக்கும் இடத்துக்கெல்லாம் வேரை அனுப்பும். குழாய், தொட்டி, கேபிள் எதையும் விடாது. மகரந்தத்தால் ஒவ்வாமை வருவதாகவும் புகார். குஜராத் அரசு 2023-ல் இதை நடத் தடை போட்டது. நம் ஊரில் அதே வேலையைக் கொடுக்காப்புளியும் கிளுவையும் மருதாணியும் தலைமுறை தலைமுறையாகச் செய்கின்றன.

கிளை மின்கம்பியைத் தொடுகிறது

வெட்ட வெட்ட வளரும், ஆண்டுதோறும் மரம் கோணலாகும். கம்பிக்கு அடியில் இருபதடிக்கு மேல் போகும் மரத்தை நட்டதுதான் பிழை. அங்கே மந்தாரை, பவளமல்லி, கறிவேப்பிலை போதும். கம்பி இல்லாத எதிர்ப்பக்கத்தில் பெரிய மரத்தை வைத்தால் தெருவின் இரு பக்கத்துக்கும் நிழல் வரும். தெரு வடக்கு தெற்காக ஓடினால், பின்மதிய வெயிலைத் தடுக்கும்படி மேற்குப் பக்கத்தில் பெரியதை வையுங்கள்.

புதர் பூக்கவில்லை

காகிதப்பூ இலையாகத் தழைத்துப் பூக்காமல் நின்றால் தண்ணீரையும் யூரியாவையும் குறையுங்கள். காயப்போட்டால்தான் அது பூக்கும். நிழலில் இருந்தால் எதைச் செய்தும் பயனில்லை. சரக்கொன்றைக்குத் தை மாசியில் கத்தரிக்கோல் போடாதீர்கள், சித்திரைப் பூ போய்விடும். பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள். வேலிச்செடி அடியில் மொட்டையாகி மேலே மட்டும் பச்சையாக இருந்தால், மேல்பக்கம் குறுகி அடி அகலமாக இருக்கும்படி வெட்ட வேண்டும். அப்போதுதான் அடியிலைக்கு வெயில் விழும்.

செம்பருத்தியில் வெள்ளை மாவு, எறும்பு வரிசை

மாவுப்பூச்சி. எறும்புதான் அதைச் சுமந்து பரப்பிக் காவல் காக்கும், ஆகவே எறும்பை முதலில் கவனியுங்கள். வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சேர்த்துத் தெளியுங்கள். கடுமையான மருந்து நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடும். 2008 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுக்குள் வந்து செம்பருத்தி, பப்பாளி, மல்பெரி எல்லாவற்றையும் அழித்தது. 2010-ல் அதற்கென்று கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு குளவிதான் அதை அடக்கியது. மருந்து செய்யாததை அந்தக் குளவி செய்தது.

மரம் நன்றாக இருக்கிறது, ஆட்களுக்குத்தான் தொந்தரவு

ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் ஏழிலைப்பாலை பூக்கும்போது அந்த வாசனை சிலருக்குத் தலைவலி. அதை ஆஸ்பத்திரி ஜன்னலோரம், குடியிருப்பு நடுவில் வைக்காதீர்கள். ஆயா மரத்தின் மகரந்தம் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. மருத்துவத்துக்காக நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து தங்கும் ஊர் இது. அவர்கள் நடக்கும் பாதையில் மகிழமும் பவளமல்லியும் இருக்கட்டும்.

மஞ்சள் பூ அரளி, அதாவது பொன்னரளி, குழந்தைகள் விளையாடும் இடத்தில் கூடவே கூடாது. அதன் கொட்டை உயிரைக் குடிக்கும். பள்ளி வேலியிலும் சிறுவர் பூங்காவிலும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சாதாரண அரளியும் விஷம்தான். சாலை நடுத்திட்டுக்கு ஏற்றது, ஊஞ்சல் பக்கத்துக்கு ஏற்றதல்ல.

எடுத்துவிட்டு வேறு நடுவது என்று முடிவானால்

வைகாசியிலேயே குழி தோண்டி வெயில் காட்டுங்கள். பழைய வேரும் தண்டும் முழுக்க வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் கரையான் அங்கேயே குடியிருக்கும். ஆடியில் மண்ணும் எருவும் நிரப்பி ஒரு மழைக்கு அமுங்க விடுங்கள். ஆவணியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை முழுவதும் கன்றுக்குக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை விழா வைத்து மே மாதத்தில் நூறு கன்று நடச் சொல்லி யாராவது கேட்டால், தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தள்ளி வைக்க முடியாதென்றால், பத்து மட்டும் நட்டு அந்தப் பத்துக்கும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை யாரிடம் விடுகிறோம் என்று அந்த விழாவிலேயே பெயர் எழுதி வாங்குங்கள்.